ஷட்டரை இறக்கும் முன்: சேதராப்பட்டுத் துணைத்தொழிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியின் சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு வட்டாரத்தில் சிறிய அளவில் துணைத்தொழில் நடத்தி, இப்போது அதை நிறுத்திவிட எண்ணியிருக்கும் அனைவருக்கும்,

தொழிலை நிறுத்துவது ஒரு நாள் வேலை. அதன் வரிக்கணக்கை முடிப்பது சில மாத வேலை. லேத் நின்ற அன்றே ஜிஎஸ்டி பதிவு நின்றுவிடுவதில்லை. வருமான வரித் துறைக்குச் செய்தி தானாகப் போய்ச் சேருவதும் இல்லை. பதிவு உயிரோடு இருக்கும் வரை ரிட்டர்ன் கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும். விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லாத மாதத்துக்கும் தாமதக் கட்டணம் உண்டு. நட்டத்தில் மூடிய பலருக்கு உண்மையான அடி விழுவது அதன் பிறகுதான். தொழில் நடந்தபோது கட்டியிருக்க வேண்டிய வரியைவிட, தொழிலைச் சரியாக முடிக்காததால் வரும் கட்டணமும் வட்டியும் பெரிதாகிவிடுகின்றன. இதைத் தவிர்ப்பது பெரும்பாலும் வரிசையைப் பொறுத்தது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில் பிசகினால் அதே இயந்திரத்துக்கும் அதே சரக்குக்கும் கூடுதல் பணம் போகிறது.

இந்த வட்டாரத்தில் துணைத்தொழிலின் உருவம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து வீட்டுப் பின்புறத்தில் ஓட்டும் ஒரு லேத், பிப்டிக் எனும் அரசுத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டையில் வாடகைக்கு எடுத்த பாதி ஷெட்டில் ஒரு வெல்டிங் பட்டறை, மனைவி பெயரில் ஒரு பேக்கிங் யூனிட், தம்பியோடு கூட்டாக எடுத்த ஜாப் ஒர்க். சம்பளம்தான் குடும்பத்தின் முதல் வருமானம். தொழில் அதற்குத் துணை. ஆனால் வரிச் சட்டத்தில் துணைத்தொழிலுக்கென்று தனி வகை எதுவும் இல்லை. பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே வரிக்குப் பொறுப்பாளி. பட்டறையை ஓட்டியது கணவராக இருந்து, பதிவு மனைவி பெயரில் இருந்தால், நோட்டீஸ் மனைவிக்குத்தான் வரும். நிலுவை வசூலும் அவர் பெயரில் உள்ள சொத்தின் மீதே பாயும். பெயரை மட்டும் கொடுத்த ஒருவர் மீது இத்தனை பாரத்தையும் ஏற்றிவிட்டு, மூடும் வேலையை அரைகுறையாக விடுவது நியாயம் ஆகாது.

புதுச்சேரியின் நிலை தமிழ்நாட்டிலிருந்து சில இடங்களில் வேறுபடுகிறது. எல்லையோரம் வாழ்வோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதி என்பதால் இங்கு நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் புதுச்சேரி சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம். பதிவு எண் 34 என்று தொடங்கும். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். சரக்கு மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அந்த உயர்வை ஏற்காத மாநிலங்களின் பட்டியலில் புதுச்சேரி இருக்கிறது. இங்கு வரம்பு இன்றும் 20 லட்சம்தான். தமிழ்நாட்டில் வானூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் உறவினர், “40 லட்சத்துக்குக் கீழே பதிவே தேவையில்லை, ரத்து செய்துவிடு” என்று சொன்னால், அவர் சொல்வது, சரக்கு மட்டும் விற்பவருக்கு, அவருடைய ஊரில் சரி. சேதராப்பட்டில் 25 லட்சம் விற்பனை செய்துகொண்டு, அந்தப் பேச்சை நம்பிப் பதிவை ரத்து செய்பவர் பதிவில்லாமல் வரிக்குரிய விற்பனை செய்தவர் ஆகிறார்.

எல்லை இன்னொரு வகையிலும் குறுக்கே வருகிறது. சேதராப்பட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஒருவருக்குப் பழைய வெல்டிங் செட்டை விற்றாலும் அது மாநிலங்களுக்கிடையே நடந்த விற்பனைதான்; பில்லில் ஐஜிஎஸ்டி போட வேண்டும். மாநிலம் தாண்டிச் சரக்கு விற்பவருக்கு விற்பனை வரம்பு எதுவும் பொருந்தாது, பதிவு கட்டாயம். ஆகவே, பதிவை ரத்து செய்துவிட்டு மீதிச் சரக்கை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடலாம் என்ற திட்டம் தவறான திட்டம்.

தொழிலை முற்றிலும் மூடுவதுதான் நோக்கமா என்பதையும் ஒரு முறை யோசிக்க வேண்டும். விற்பனை ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கீழே இறங்கி, வாங்குபவர்கள் எல்லாரும் புதுச்சேரிக்குள்ளேயே இருந்தால், தொழிலைத் தொடர்ந்துகொண்டே பதிவை மட்டும் கைவிடச் சட்டம் வழி தருகிறது. ஷெட், இயந்திரம், வாடிக்கையாளர், ஆட்கள் அனைத்தையும் சேர்த்து நடக்கும் நிலையிலேயே ஒருவர் எடுத்துக்கொள்ள முன்வந்தால், அந்தக் கைமாற்றத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஜிஎஸ்டி தள லெட்ஜரில் மீந்திருக்கும் உள்ளீட்டு வரியையும் (வாங்கும்போது கட்டிக் கழிவாக எடுத்த வரி) ஐடிசி-02 படிவம் மூலம் வாங்குபவருக்கே மாற்றிக் கொடுக்கலாம். அப்படி ஒருவர் அமைந்தால் அதைவிட நல்ல முடிவு இல்லை. தனித்தனியாக விற்கும்போது போகும் வரி அதில் மிச்சமாகிறது, ஆட்களின் வேலையும் நிலைக்கிறது.

அப்படி யாரும் அமையாதபோது வரும் வேலைகளில் முதலாவது, பதிவு உயிரோடு இருக்கும்போதே சரக்கையும் இயந்திரத்தையும் விற்று முடிப்பது. ஜிஎஸ்டி சட்டம் தொழில் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, தொழிலை மூடுவதையொட்டி நடக்கும் விற்பனையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘கடைசியாக ஒரு முறை விற்றேன், அது தொழில் இல்லை’ என்ற வாதம் நிற்காது. விற்காமல் வைத்திருந்தாலும் வரி உண்டு. பதிவு ரத்தாகும் நாளுக்கு முந்தைய நாள் கையில் இருக்கும் மூலப்பொருள், பாதி முடிந்த வேலை, முடிந்த சரக்கு ஆகியவற்றுக்கு எடுத்த உள்ளீட்டு வரி அல்லது அவற்றை விற்றால் வரும் வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்று 29ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது.

இயந்திரத்துக்குக் கணக்கு சற்று வேறு. 2022 ஜூன் 10 அன்று 6,00,000 ரூபாய்க்கு ஒரு லேத் வாங்கப்பட்டது என்று கொள்ளலாம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,08,000 ரூபாய். அது முழுவதும் உள்ளீட்டு வரியாக எடுக்கப்பட்டது. பதிவு 2025 அக்டோபர் 20 முதல் ரத்து. லேத் ஓடியது 3 ஆண்டு 4 மாதம் 10 நாள். விதி எந்த இயந்திரத்துக்கும் 5 ஆண்டு, அதாவது 60 மாத ஆயுள் வைத்துக் கணக்கிடுகிறது. மீதி 19 மாதம் 20 நாள். உதிரி நாட்களை விட்டுவிட்டால் 19 மாதம். 1,08,000 ரூபாயில் 60க்கு 19 பங்கு 34,200 ரூபாய். அந்த லேத் 2,50,000 ரூபாய் பெறும் என்றால் அதற்கு 18 விழுக்காடு வரி 45,000 ரூபாய். இரண்டில் அதிகமானது 45,000. அதுவே கட்ட வேண்டிய தொகை. 5 ஆண்டு கடந்த இயந்திரத்தில் முதல் கணக்கு சுழியாகிவிடும். ஆனால் விலைமதிப்பின் மீதான இரண்டாவது கணக்கு அப்போதும் நிற்கும். “பழைய மெஷின்தானே, வரி இருக்காது” என்று எண்ணுவோர் தவறுவது இந்த இடத்தில்.

அந்த 45,000 ரூபாயை யார் சுமப்பது என்பதில்தான் வரிசையின் முக்கியத்துவம் தெரியும். பதிவு ரத்தாகும் முன்பே, பதிவு பெற்ற இன்னொரு பட்டறைக்காரருக்கு முறையான பில் போட்டு விற்றால், அவர் விலையோடு 45,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கில் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார். விற்றவருக்குக் கைநட்டம் இல்லை. லேத் விற்காமல் கிடக்கும்போதே பதிவு ரத்தானால் அதே தொகை மூடுபவரின் கையிலிருந்து போகிறது. பிறகு விற்கும்போது வரி பில் போட முடியாது. வாங்குபவருக்கும் உள்ளீட்டு வரி கிடைக்காது. அதைச் சொல்லியே அவர் விலையைக் குறைப்பார். இரண்டு மாதம் பொறுத்து ஆள் பிடித்து விற்பது இந்த வேறுபாட்டுக்காகவே பயனுள்ளது.

லெட்ஜரில் உள்ளீட்டு வரி மீதி இருந்தால் இந்தக் கடைசி விற்பனையின் வரியையும், மீதிச் சரக்குக்கான தொகையையும் அதைக் கொண்டே செலுத்தலாம். தொழிலை மூடுகிறேன் என்ற காரணத்துக்காக உள்ளீட்டு வரியைப் பணமாகத் திருப்பித் தரும் வழி சட்டத்தின் வாசகத்தில் இல்லை. ரொக்க லெட்ஜரில் உள்ள பணம் அப்படியல்ல; அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பேப்ரிகேஷன் பட்டறைகளில் மூலையில் குவிந்திருக்கும் துண்டு இரும்பும் ஒரு சரக்குதான். 2024 அக்டோபர் 10 முதல் உலோகக் கழிவுக்குப் புது விதிகள் வந்தன. பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். இரு பக்கமும் பதிவு பெற்றவர்களாக இருந்து, ஒப்பந்த மதிப்பு 2,50,000 ரூபாயைத் தாண்டினால், வாங்குபவர் 2 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். பிடித்த தொகை விற்றவரின் ரொக்க லெட்ஜருக்கு வரும். காயலான் கடைக்காரர் பில் இல்லாமல் எடைக்குப் பணம் தருகிறேன் என்றால் அந்த நேரத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் வாங்கிய இரும்புக்கும் விற்ற வேலைக்கும் இடையிலான எடை வித்தியாசம் கணக்கில் பதில் இல்லாமல் நின்றுவிடும்.

50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை வண்டியில் ஏற்ற இ-வே பில் தேவை. ரத்தான பதிவு எண்ணில் அதை எடுக்க முடியாது. இதுவும் இயந்திரத்தை முன்பே அனுப்பிவிட ஒரு காரணம். டெலிவரிக்கு வைத்திருந்த வண்டியை விற்கும்போது, அது வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுக்கப்பட்டதா என்று பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். எடுக்காத வண்டிக்கு விற்ற விலைக்கும் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. வித்தியாசம் இல்லையென்றால் வரியும் இல்லை.

ஜாப் ஒர்க் செய்தவர்களிடம் பெரிய ஆலைகளின் மூலப்பொருளும் அச்சுகளும் கிடக்கும். அவை மூடுபவரின் சரக்கு அல்ல; டெலிவரி சலான் போட்டு உரியவருக்குத் திருப்ப வேண்டும். திருப்பியதற்கான கையெழுத்திட்ட சலான் பிரதி இல்லாவிட்டால், வேலை கொடுத்த ஆலை அதைக் கணக்கில் காட்ட வழியின்றிக் கடைசிப் பில்லில் கழித்துக்கொள்ளும். சிறு பட்டறைகள் கடைசிப் பணத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

கொடுக்கல் வாங்கலையும் இதே கட்டத்தில் முடிப்பது நல்லது. சரக்கு கொடுத்தவருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். விற்ற சரக்கு திரும்பி வந்தாலோ விலையில் தகராறு இருந்தாலோ, கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்கும் உரிமை பதிவு இருக்கும் வரைதான். வராமல் போன பணத்துக்கு இந்திய ஜிஎஸ்டியில் நிவாரணம் இல்லை; கட்டிய வரி கட்டியதுதான்.

இவையெல்லாம் முடிந்த பிறகே ஆர்இஜி-16 என்ற ரத்து விண்ணப்பம். தொழில் நின்ற 30 நாளுக்குள் அதை ஜிஎஸ்டி தளத்தில் தர வேண்டும். ரத்து எந்த நாளிலிருந்து, காரணம் என்ன, மீதிச் சரக்கும் இயந்திரமும் எவ்வளவு, அதற்கான வரி எப்படிக் கட்டப்பட்டது என்பவை அதில் கேட்கப்படும். மத்திய, மாநில வரி இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதும். கோப்பு எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள வணிகவரி அலுவலகத்தில் இருந்தாலும், கடற்கரைச் சாலையில் உள்ள மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்தில் இருந்தாலும் ஒன்றில் கிடைக்கும் ரத்து மற்றதற்கும் செல்லும். தமிழ்நாட்டில் 33 எண்ணில் இன்னொரு பதிவு இருந்தால் அது தொடரும்; அதற்குத் தனி விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பித்ததும் பதிவு நிறுத்திவைக்கப்படுகிறது. அந்த இடைக்காலத்துக்கு வழக்கமான ரிட்டர்ன் தேவையில்லை. ஆனால் விற்பனையும் செய்யக் கூடாது. அதற்கு முந்தைய காலத்துக்கான ரிட்டர்ன்கள் ஒன்றுகூட விடுபட்டிருக்கக் கூடாது. அலுவலர் 30 நாளுக்குள் ஆர்இஜி-19 என்ற ரத்து ஆணையைத் தர வேண்டும்.

ஆணை கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவதே மிகுதியாக நடக்கும் பிழை. ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டர்ன் அதன் பிறகு வருகிறது. ரத்தான நாள், ஆணை பிறந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 3 மாதத்துக்குள் அதைத் தர வேண்டும். சரக்கு எதுவும் மீதி இல்லை என்றாலும் ‘இல்லை’ என்று காட்டித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு மத்திய வரியில் 100, மாநில வரியில் 100 என 200 ரூபாய், மொத்தம் 10,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். நாடு முழுவதும் இதில் தவறியவர்கள் ஏராளம் என்பதால் 2023இல் சில மாதங்களுக்கு இந்தக் கட்டணத்தை 1,000 ரூபாயாகக் குறைத்து அரசு ஒரு வாய்ப்பு தந்தது. அது மறுபடி வரும் என்று காத்திருப்பது சரியல்ல. காம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-10 இல்லை. அவர்கள் தங்கள் ஆண்டு ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-4ஐத் தந்து முடிக்க வேண்டும்.

எதையும் செய்யாமல் விட்டுவிட்டால் துறையே பதிவை ரத்து செய்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. தொடர்ந்து 6 மாதம் ரிட்டர்ன் தராவிட்டால் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் அந்த ரத்து முடிவு அல்ல, தொல்லையின் தொடக்கம். தராத ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் கட்டணம் நிற்கும்: விற்பனை இல்லாத மாதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50 ரூபாய். சிறு தொழிலுக்கு ஒரு ரிட்டர்னுக்கு முறையே 500, 2,000 ரூபாய் என உச்சவரம்பு இருப்பது ஓர் ஆறுதல். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. இதைவிட வருத்தம் தருவது, துறை பின்தேதியிட்டு ரத்து செய்யும்போது அந்தக் காலத்தில் நேர்மையாகப் பில் வாங்கிய வாடிக்கையாளர்களின் உள்ளீட்டு வரியும் கேள்விக்குள்ளாவது. பல ஆண்டு வேலை கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு நோட்டீஸை வாங்கித் தந்துவிட்டுப் போகக் கூடாது. நாளை அதே பான் எண்ணில் இன்னொரு தொழில் தொடங்கும்போதும் இந்தப் பழைய ரத்து குறுக்கே நிற்கும். துறை ரத்து செய்த பதிவை மீட்க, ஆணை கிடைத்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 180 நாள் நீட்டிக்கலாம். பதிவை உயிர்ப்பித்து, நிலுவைகளைத் தீர்த்து, முறையாக மூடுவதற்கு அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

2017 ஜூலை 1க்கு முன்பே தொழில் தொடங்கியவர்களுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருக்கலாம். வருமான வரிச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் தொழிலில் பின்தங்கிய பகுதியாகப் புதுச்சேரி இடம்பெற்றிருந்ததும், விற்பனை வரிச் சலுகைகளும் இங்கே ஷெட்டுகளை இழுத்து வந்த காலம் அது. 1967ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டத்திலோ 2007ஆம் ஆண்டின் மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்திலோ நிலுவை இருந்தால், ஜிஎஸ்டி வந்ததால் அது அழிந்துவிடவில்லை.

வருமான வரியில் முதல் கடமை தகவல் சொல்வது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 176ஆம் பிரிவுப்படி, தொழிலை நிறுத்திய 15 நாளுக்குள் மதிப்பீட்டு அலுவலருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் விதிக்க இடமுண்டு. ஒரு தாள் கடிதமும் அதைப் பெற்றதற்கான ஒப்புகையும் போதும். நடைமுறையில் மிகச் சிலரே செய்யும் வேலை இது. ஆனால் தொழில் எந்த நாளில் நின்றது என்பதற்குப் பின்னாளில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2025–26 நிதியாண்டின் வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

மூடும் ஆண்டின் ரிட்டர்னில் சிக்கலான இடம் இயந்திர விற்பனை. மேலே சொன்ன அதே லேத்துக்கு உள்ளீட்டு வரி எடுக்கப்பட்டதால் அதன் அடக்கவிலை 6,00,000 ரூபாய். ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் போக, 2025 மார்ச் இறுதியில் அதன் மதிப்பு 3,68,475 ரூபாய். 2,50,000 ரூபாய்க்கு விற்றுவிட்டு அந்த வகையில் வேறு இயந்திரமே மீதி இல்லையென்றால், வித்தியாசமான 1,18,475 ரூபாய் குறுகிய கால மூலதன நட்டம். அதை மூலதன லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்திலும் கழியாது, தொழில் லாபத்திலும் கழியாது. லேத் 4,00,000 ரூபாய்க்குப் போயிருந்தால் 31,525 ரூபாய் லாபம். அது சம்பளத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வரிக்கு உட்படும். 44ஏடி பிரிவின்படி விற்பனையில் 8 அல்லது 6 விழுக்காட்டை லாபமாகக் காட்டி வந்தவர்கள் தேய்மானக் கணக்கே வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது. வாங்கிய விலையை வைத்து நட்டம் காட்டினால் அது ஏற்கப்படாது. வழக்கமாக ஐடிஆர்-4 தந்தவர்கள் இந்த ஆண்டு ஐடிஆர்-3 தர வேண்டியிருக்கும்.

தொழில் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பது துணைத்தொழிலர்களைக் கடுமையாகப் பாதிக்கும் விதி. அதே ஆண்டின் வாடகை வருமானத்திலும் வங்கி வட்டியிலும் கழிக்கலாம். மீதியை 8 ஆண்டுக்கு எடுத்துச் செல்லலாம். தொழில் மூடப்பட்டிருந்தாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வேறொரு தொழிலில் லாபம் வந்தால்தான் அது பயன்படும். ரிட்டர்னை உரிய நாளுக்குள் தந்திருந்தால்தான் அந்த உரிமையும் நிற்கும். ஒரு நன்மையும் உண்டு. தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரிமுறைக்கும் புதிய வரிமுறைக்கும் இடையே விருப்பப்படி மாறிக்கொண்டிருக்க முடியாது. தொழில் வருமானம் அடியோடு நின்றுவிட்டால், சம்பளக்காரருக்குரிய ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் உரிமை திரும்புகிறது. வீட்டுக் கடனும் காப்பீட்டுத் தவணையும் கட்டுவோர் இதை ஆடிட்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டும்.

மூடிய பிறகு வரும் பணத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுக்க வேண்டிய ஒரு கடனை வியாபாரி தள்ளுபடி செய்தாலோ, வராக்கடன் என்று கழித்த தொகை திடீரென வந்தாலோ, தொழிலே இல்லாவிட்டாலும் அது அந்த ஆண்டின் வருமானம். செலவு அப்படியல்ல. தொழில் நின்றபின் கொடுக்கும் பணத்தைக் கழிக்க இடமிருப்பது அரிது. ஆகவே ஆட்களுக்குத் தர வேண்டிய சம்பள பாக்கி, போனஸ், பணிக்கொடை ஆகியவற்றை மூடும் நாளுக்கு முன்பே தந்துவிட வேண்டும். வரிக்காக மட்டுமல்ல, வேலை இழப்பவர்களுக்கு அந்தப் பணம் அன்றைக்கே தேவை. ஆட்களிடம் பிடித்த வைப்புநிதிப் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. டிடிஎஸ் பிடித்து வந்தவர்கள் கடைசிக் காலாண்டு அறிக்கையைத் தந்த பிறகே டான் எண்ணை ஒப்படைக்க வேண்டும். அறிக்கை தவறினால் நாளுக்கு 200 ரூபாய். தனி உரிமையாளரின் பான் எண் அவருடைய சொந்த எண். அதை ஒப்படைக்கக் கூடாது.

பிப்டிக் மனையை நீண்டகாலக் குத்தகைக்குப் பெற்று ஷெட் கட்டியவர்கள் அந்த உரிமையைப் பிறருக்கு மாற்றும்போது கழகத்தின் அனுமதி தேவை. அந்தத் தொகைக்கு மூலதன லாபக் கணக்கும் உண்டு. ஜிஎஸ்டி உண்டா என்பது நாடெங்கும் வழக்கில் இருந்த கேள்வி. இத்தகைய உரிமை மாற்றத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரி 3 அன்று தீர்ப்பளித்தது. புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருவதால் அது இங்கே கட்டாயமாகப் பொருந்தாது. எடுத்துக்காட்டிப் பேசப் பயன்படும். பெரிய தொகை இதில் இருப்பதால், ஒப்பந்தம் எழுதும் முன்பே எழுத்து வடிவில் கருத்துப் பெறுவது நல்லது.

கூட்டுத்தொழிலில் கலைப்புக்கு முந்தைய வரிக்கு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. இடையில் விலகியவர் ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுதித் தெரிவிக்காவிட்டால், தெரிவிக்கும் நாள் வரைக்கும் அவர் பொறுப்பும் தொடரும். அண்ணன் தம்பி என்பதால் எழுத்து வேண்டாம் என்று விட்டுவிடுவது பின்னால் இருவருக்கும் கேடு.

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தின் தொழில் உரிமம், மின்துறையின் தொழில் இணைப்பு, உத்யம் பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனி மனு வேண்டும். வேலை சிறியது, ஒப்புகை வாங்குவது மட்டும் முக்கியம்.

பதிவு ரத்தானாலும் அதற்கு முந்தைய காலத்துக்கான பொறுப்பு ரத்தாவதில்லை. 2025–26 ஆண்டுக்கான வரியைக் கேட்டு 2030 ஜூன் வரை நோட்டீஸ் வரலாம். அது பெரும்பாலும் ஜிஎஸ்டி தளத்தில்தான் ஏற்றப்படும். பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் தகவல் போகும். அந்தக் கைபேசி எண் பட்டறையில் வேலை பார்த்த கணக்குப்பிள்ளையுடையதாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே சொந்த எண்ணாக மாற்றிவிட வேண்டும். ஆணைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய 3 மாதமே அவகாசம். நோட்டீஸைப் பார்க்காததால் அந்த அவகாசம் போனபின் நீதிமன்றம் ஏறி இறங்குவோர் பலர். மூடிய பிறகும் மாதம் ஒரு முறை தளத்தில் நுழைந்து பார்ப்பது போதும். பில், வங்கி அறிக்கை, சலான், ஆர்இஜி-19 ஆணை, ஜிஎஸ்டிஆர்-10 ஒப்புகை ஆகியவற்றை ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். 2025–26க்கு அது 2032 டிசம்பர் வரை. தொழிலை மூடியபின் உரிமையாளர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் அந்த வரிக்குப் பொறுப்பு. எனவே கோப்பு எங்கே இருக்கிறது, தளத்தின் கடவுச்சொல் என்ன என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.